பிரதிசுருதி சொன்ன முதற்பாடம்



மூன்றாம் காலம் முடிவெய்தும் தறுவாய். போகபூமி வாழ்வு மெல்ல மெல்லத் தேய்ந்து வந்தது. ஓர் ஆஷாட பௌர்ணமியன்று மாலையில் மக்கள் அண்ணாந்து பார்த்தனர். மேற்குத் திசையில் செந்நிறக் கோளம் ஒன்று இறங்கிக் கொண்டிருந்தது. கிழக்குத் திசையில் வெண்ணிறக் கோளம் ஒன்று எழுந்து கொண்டிருந்தது. அதுவரை எவரும் கண்டிராத காட்சி. பேராபத்து வந்துற்றதோ என்று நடுங்கிய அம்மக்கள், முதல் மனுவாகிய பிரதிசுருதியை அடைந்து அபயம் வேண்டினர்.

அவர் சாந்தி செய்யச் சொல்லவில்லை, பலி கேட்கவில்லை. விளக்கம் சொன்னார். "இவை புதியன அல்ல, என்றும் இருப்பவையே. இதுகாறும் ஜோதிரங்கம் என்னும் கற்பக மரங்களின் பேரொளி இவற்றை உங்கள் கண்களுக்கு மறைத்திருந்தது. அம்மரங்களின் ஒளி இன்று குன்றிவிட்டமையால் சூரியனும் சந்திரனும் புலப்படுகின்றன. அஞ்ச வேண்டா" என்பது அவர் கூறியதன் சாரம். பின்னர், மரங்களின் ஒளி இன்னும் மங்கியபோது நட்சத்திரங்கள் தோன்றின. மக்கள் மறுபடியும் அஞ்சினர். இரண்டாம் மனுவாகிய சன்மதி, நட்சத்திரங்களையும் கிரகங்களின் இயக்கத்தையும் பகல் இரவு உண்டாகும் முறையையும் அவர்களுக்கு எடுத்துரைத்தார். ஜிநசேனாசாரியார் ஒன்பதாம் நூற்றாண்டில் அருளிய ஆதிபுராணம் இவ்வரலாற்றைக் கூறும். நம் இல்லங்களில் வாசிக்கப்பெறும் ஸ்ரீபுராணமும் அவ்வழியையே பின்பற்றும்.

உழவையும் எழுத்தையும் தொழில்களையும் ஆதிபகவன் கற்பித்தது மிகப் பின்னர். அதற்கு நெடுங்காலம் முன்பே, மனித குலத்திற்கு முதன்முதல் சொல்லப்பட்ட பாடம் வானியற் பாடம் என்று நம் புராணம் சொல்கிறது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பல்லாண்டு பாடம் நடத்திய எனக்கு இச்செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு என்பதை மறைப்பானேன்?

இப்போது நான் வாழும் மண்ணூருக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று எப்பக்கம் நோக்கினும் தொழிற்சாலைகள். இரவெல்லாம் எரியும் விளக்குகளால் கீழ்வானம் ஒரு வெளிறிய மஞ்சளாகவே கிடக்கிறது. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில் ஆறு மீன்களை எண்ணிக் காட்ட முயன்றால், குழந்தைகள் கண்ணுக்கு மூன்று அகப்படுவதே அரிதாக இருக்கிறது. கற்பக மரங்கள் மறுபடியும் முளைத்துவிட்டன என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆனால், அம்மரங்கள் வேண்டியதை எல்லாம் கொடுத்தன. இவ்விளக்குகளின் கீழ் நம் பிள்ளைகள் மாலை தொடங்கி நள்ளிரவு வரை நின்று உழைத்துச் சம்பளம் பெறுகின்றனர். அந்த வேறுபாடு உண்டு.

அப்படி உழைக்கும் ஒரு பெண்தான் இக்கட்டுரைக்குக் காரணம். எங்கள் ஞாயிற்றுக்கிழமை சுவாத்தியாயத்தில் ஜம்பூத்வீபத்தைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தோம். ஜம்பூத்வீபத்தில் சூரியர் இருவர், சந்திரர் இருவர் என்ற பகுதி வந்தது. வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இரண்டாம் ஷிப்டில் பணிபுரியும் அப்பெண் எழுந்து கேட்டாள்: "டீச்சரம்மா, சூரியன் ஒன்றுதான் என்று பள்ளிக்கூடத்தில் நீங்களே பாடம் நடத்தியிருப்பீர்கள். இரண்டு என்று ஆகமம் சொல்வது தவறானால், சூரியன் மறைந்தபின் உண்ணாதே என்று அதே ஆகமம் சொல்வதை நான் ஏன் பசியோடு காக்க வேண்டும்?"

சிலர் முகம் சுளித்தனர். கேள்வி நேர்மையானது. நாள்தோறும் அவ்விரதத்தின் விலையைத் தன் வயிற்றால் கொடுப்பவள் கேட்ட கேள்வி அது. இதற்கு இரண்டு எளிய விடைகள் உண்டு. இரண்டும் நம்மிடையே வழங்குகின்றன. "விஞ்ஞானம் சொல்வதெல்லாம் பொய், ஆகமத்தின் ஓர் எழுத்தும் தவறாது" என்பது ஒன்று. 1969இல் மனிதன் நிலவில் கால் வைத்ததையே மறுத்து நூல் எழுதியோர் வடநாட்டில் நம் சமயத்தாரிடையே இருந்தனர். "பழங்கதைகளை எல்லாம் விட்டுவிடு" என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரு பக்கத்தையே பற்றி நிற்கும் ஏகாந்தம். நாம் அநேகாந்தம் பேசுகிறவர்கள். சற்றுப் பொறுமையாக நூலைத் திறந்து பார்ப்போம்.

அந்நூல் எங்கோ எழுதப்பட்டதன்று. நம் மண்ணில் எழுதப்பட்டது. லோகவிபாகம் என்னும் நூலைச் சர்வநந்தி முனிவர் பிராகிருதத்தில் இயற்றினார். அம்மூலம் இன்று கிடைக்கவில்லை. பின்னாளில் சிம்மசூரி என்பார் சம்ஸ்கிருதத்தில் மொழிபெயர்த்த நூலே நம்மிடம் உள்ளது. அதன் இறுதிச் செய்யுள்களில் மூலநூல் எழுதப்பட்ட இடமும் காலமும் குறிக்கப்பட்டுள்ளன. இடம், பாணராஷ்டிரத்துப் பாடலிகா என்னும் ஊர். கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரே அது என்று ஆய்வாளர் கருதுவர். காலம், காஞ்சி மன்னர் சிம்மவர்மருடைய 22ஆம் ஆட்சியாண்டு, சக ஆண்டு 380, அதாவது கி.பி. 458. முற்காலப் பல்லவர் வரலாற்றைக் கணிக்க முயன்றவர்களுக்கு இக்குறிப்பே ஊன்றுகோலாயிற்று. கல்வெட்டும் செப்பேடும் தராத உறுதியை ஒரு ஜைன முனிவரின் வானநூல் தந்தது.

ஆயினும் என் மனத்தை ஈர்ப்பது மன்னர் பெயரன்று. அம்முனிவர் ஆண்டெண்ணோடு நிறுத்திக் கொள்ளவில்லை. சனி உத்திராடத்தில் நிற்க, குரு ரிஷபத்தில் நிற்க, வளர்பிறைச் சந்திரன் உத்திர நட்சத்திரத்தில் நின்ற நாளில் நூல் நிறைவுற்றது என்று குறிக்கப்பட்டுள்ளது. இதன் அருமையைப் பாருங்கள். வானத்தை ஒருமுறை சுற்றிவரக் குருவுக்கு ஏறத்தாழ 12 ஆண்டும் சனிக்கு ஏறத்தாழ 29½ ஆண்டும் ஆகும். ஆகவே இவ்விரு கிரகங்களும் இதே இடங்களில் மறுபடியும் ஒருங்கே நிற்க ஏறக்குறைய 60 ஆண்டு வேண்டும். நம் பிரபவ முதலான அறுபது ஆண்டுச் சுழற்சிக்கு அடிப்படையும் இதுவே. அதனுடன் சந்திரனின் நட்சத்திரத்தையும் சேர்த்துவிட்டால், மன்னர் மாறினாலும் சகாப்தம் மறந்தாலும் அந்நாளை எவரும் மீட்டுவிடலாம். அவ்வாறே அறிஞர்கள் கணக்கிட்டு, அது கி.பி. 458 ஆகஸ்டு 25 என்று கண்டனர். ஐரோப்பிய வானியலின் அட்டவணைகளைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால், பாடலிகாவில் குறிக்கப்பட்ட வானம் கிடைக்கிறது.

எண்களை எழுதும் முறையிலும் அந்நூல் கணித வரலாற்றாரால் போற்றப்படுகிறது. பெரிய எண்களை இட மதிப்பு முறையில், சுழியத்தையும் ஓர் எண்ணாகச் சொல்லி வரிசைப்படுத்தும் வழக்கு அதில் காணப்படுகிறது. காலம் அறியப்பட்ட நூல்களில் அவ்வழக்கிற்கு மிகப் பழைய சான்றாக அதனைக் காட்டுவர்.

இனி இரு சூரியர் செய்திக்கு வருவோம். நம் நூல்களின்படி ஜம்பூத்வீபம் 1,00,000 யோசனை விட்டமுள்ள வட்டத் தட்டு, நடுவில் மேரு. சூரியன் மேருவைச் சுற்றிவருகிறது. தெற்கே உள்ள பரத க்ஷேத்திரத்திலிருந்து புறப்பட்டு ஒரு சுற்றை முடிக்க அதற்கு 60 முகூர்த்தம், அதாவது இரண்டு நாள் ஆகும். அவ்வாறாயின் நமக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தானே பொழுது விடிய வேண்டும்? ஆகவே எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சூரியன். இன்று நாம் கண்டது நாளை வடக்கே ஐராவதத்தில். நாளை நமக்கு மற்றது. எடுத்துக்கொண்ட அடிப்படைக்கு முரணின்றிக் கட்டப்பட்ட கணக்கு இது. மேலும், ஐந்தாண்டு யுகம் ஒன்றில் 1,830 நாள், அதற்குள் சந்திரன் நட்சத்திர மண்டலத்தை 67 முறை சுற்றும் என்பர் நம் முன்னோர். வகுத்துப் பாருங்கள்: ஒரு சுற்றுக்கு 27 நாள் 7 மணி 31 நிமிடம். இன்றைய அளவு 27 நாள் 7 மணி 43 நிமிடம். தொலைநோக்கியும் கடிகாரமும் இல்லாத காலத்தில் பன்னிரண்டு நிமிடமே வேறுபாடு! அதே கணக்கில் சூரிய ஆண்டு 366 நாள் என்பது முக்கால் நாள் மிகை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் கணக்கு முரணின்றி இருப்பது வேறு. வானம் அவ்வாறு இருப்பது வேறு. வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டிலேயே அருகனின் நெறியார் கூறும் இரு சூரியர் கொள்கையை எடுத்துக்காட்டி மறுத்தார். 628இல் பிரம்மகுப்தரும், 1150இல் இரண்டாம் பாஸ்கரரும் மறுத்தனர். பிற சமயத்தார் பகையால் மறுத்தனர் என்று தள்ளிவிட இயலாது. அவர்கள் வானத்தையே சான்றுக்கு அழைத்தனர். நம் நூல்களின்படி பூமிக்கு மேல் 800 யோசனையில் சூரியன். அதற்கும் மேல் 880 யோசனையில் சந்திரன். 2019 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டில் கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கங்களில் கங்கண சூரிய கிரகணம் நிகழ்ந்ததே! சந்திரன் சூரியனுக்கு முன்னால் வந்து நின்றது. முன்னால் வந்து மறைப்பது நமக்கு அருகிலுள்ள பொருளேயன்றித் தொலைவிலுள்ளது ஆகாது. இதற்குக் கருவியே வேண்டா. பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று போதும்.

இன்னும் எளிய சோதனை ஒன்று. மிக நீண்ட பகல் 18 முகூர்த்தம், மிகக் குறுகிய பகல் 12 முகூர்த்தம் என்பது நம் நூல்களின் கணக்கு. வேதாங்க ஜோதிடமும் இதே விகிதத்தையே கூறுகிறது. ஒரு முகூர்த்தம் 48 நிமிடம். ஆக நீண்ட பகல் 14 மணி 24 நிமிடம் ஆகிறது. சமையலறையில் தொங்கும் நாட்காட்டியைப் பாருங்கள். நம் பகுதியில் ஜூன் மாத நீண்ட பகல் 13 மணியைக்கூட எட்டாது. ஏறக்குறைய 16 முகூர்த்தமே. டிசம்பரில் 14 முகூர்த்தத்திற்குச் சற்று மேல். 18க்கு 12 என்னும் விகிதம் காஷ்மீரத்தின் அட்சரேகைக்குப் பொருந்துவது. வடக்கே எங்கோ அளக்கப்பட்ட, அல்லது வடக்கிலிருந்து பெறப்பட்ட அளவு நம் தென்னாட்டு மடங்களிலும் அப்படியே ஓதப்பட்டு வந்துள்ளது.

ஆகமம் வீழ்ந்துவிட்டதா? இவ்விடத்தில் நம் ஆசாரியர்கள் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதைக் கவனிக்க வேண்டும். யதிவிருஷபாசாரியார் அருளிய திலோயபண்ணத்தி உலக அமைப்பைக் கூறும் பெருநூல். அதில் பல இடங்களில், ஆசாரியரிடையே உள்ள கருத்து வேறுபாடுகளை அவர் ஒளிக்காமல் தருகிறார். சில இடங்களில், இது பற்றிய உபதேசம் காலவசத்தால் மறைந்துவிட்டது என்றே எழுதுகிறார். கேவலியின் ஞானம் பூரணமானது. அதை வழிவழியாகக் கேட்டுச் சொன்னவர்கள் சத்மஸ்தர்கள், ஞானாவரணம் நீங்காதவர்கள் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

தவளா உரை கண்ட வீரசேனாசாரியாரின் செயல் இன்னும் துணிவானது. லோகத்தின் கன அளவு 343 ராஜு என்பது பரம்பரைச் செய்தி. லோகத்தை மிருதங்கம்போல் வட்ட வடிவமாகக் கொள்வோரும் இருந்தனர். வீரசேனர் கணக்கிட்டுப் பார்த்தார். வட்டமாகக் கொண்டால் கிடைப்பது ஏறத்தாழ 164தான். எனவே அவ்வடிவம் பொருந்தாது என்று விலக்கி, வடக்குத் தெற்காக எங்கும் 7 ராஜு அகலமுடையது லோகம் என்று நிறுவினார். கீழ்ப்பாதி 196, மேற்பாதி 147, கூட்டினால் 343. வடிவத்தைக் கணக்குக்கு உட்படுத்தி, பொருந்தாததைக் கைவிட்டவர் எவர்? சமயத்துக்குப் புறம்பானவர் அல்லர். நாம் தலைமேல் வைத்துப் போற்றும் ஆசாரியர்.

நம் தர்க்க நூல்களும் பிரத்தியட்சத்தைப் பிரமாணமாகக் கொள்வன. கண்ணெதிரே நிகழும் கிரகணத்திற்கு மாறாக ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் ஆகமத்தை நாம் காப்பதாகாது. அருகனின் பெயரால் பொய்க்குச் சாட்சி சொல்வதாகவே முடியும். சத்திய விரதம் வானத்தைப் பற்றிய பேச்சுக்கும் உண்டு.

நம் தமிழகத்தில் இவ்வறிவு எப்படி வளர்ந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஆரியபட்டர் 499இல் பூமியே தன்னைத்தான் சுற்றுகிறது என்றார். சர்வநந்தி நூல் முடித்து 41 ஆண்டே ஆகியிருந்தது. கோப்பர்நிக்கஸ் நூல் 1543இல் வெளிவந்தது. கலிலியோ 1610இல் குருவைச் சுற்றும் நான்கு துணைக்கோள்களைக் கண்டார். இதற்கிடையில் நம்மூர்ப் பஞ்சாங்கக் கணிதர்கள் சும்மா இருக்கவில்லை. சந்திரனின் 248 நாள் நிலைகளை 248 வாக்கியங்களாக மனப்பாடம் செய்து கிரகணம் கணித்தனர். லெ ஜென்டீல் என்னும் பிரெஞ்சு வானியலார், 1769இல் வெள்ளி சூரியனைக் கடக்கும் நிகழ்ச்சியைக் காணப் புதுச்சேரிக்கு வந்திருந்தார். அன்று காலை மேகம் மூடிவிட்டது. அந்த மனிதர் பட்ட துயரம் பெரிது. ஆனால் அவர் அங்கே ஒரு தமிழரிடம் கிரகணக் கணிதம் கற்றார். 1765 ஆகஸ்டு 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவை அம்முறைப்படி கணித்தபோது பிழை 41 வினாடி. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையில் பிழை 68 வினாடி. ஜான் வாரன் என்பவர் 1825இல் வெளியிட்ட காலசங்கலிதம் என்னும் நூலில், புதுச்சேரிக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, ஏடு பாராமலே கிரகணம் கணித்ததை எழுதியுள்ளார்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் வானாய்வுக் கூடம் அமைந்தது. அங்கே பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாசாரி, பஞ்சாங்கக் கணிதர் மரபில் வந்தவர். ஆர் ரெட்டிகுலி என்னும் ஒளிமாறும் விண்மீனை 1867இல் கண்டறிந்தார். தம் முன்னோரின் பஞ்சாங்கத்தை நேர்க்காட்சிக்கு ஏற்பத் திருத்த வேண்டும் என்று பாடுபட்டார். நம் வீரசேனரின் வழி அதுவே என்று நான் சொன்னால் மிகையாகாது. ஜவ்வாது மலைக் காவலூரில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்கி வருகிறது. திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பங்கள் எத்தனை பேர் பிள்ளைகளை அங்கு அழைத்துச் சென்றிருக்கிறோம்? 2023 ஆகஸ்டு 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர். 

இனி அப்பெண்ணின் கேள்வி. இரவுண்ணாமை இரண்டு சூரியர்மேல் நிற்கவில்லை. ஒரு சூரியன்மேலும் நிற்கவில்லை. கொல்லாமையின்மேல் நிற்கிறது. அமிர்தசந்திராசாரியார் புருஷார்த்த சித்யுபாயத்தில் இரவு உணவை விலக்கும்போது, அதனை இம்சை என்ற காரணத்தாலேயே விலக்குகிறார். விளக்கொளியை நாடிவரும் நுண்ணுயிர்கள், உணவில் விழுந்து மடிபவை, கண்ணுக்குப் புலப்படாதவை ஆகியவற்றின்பால் உள்ள கருணையே அவ்விரதத்தின் வேர். பூமி சுழன்றாலும் சூரியன் சுழன்றாலும் அவ்வுயிர்கள் அவ்வுயிர்களே. ஜம்பூத்வீபத்தின் அளவு கரணாநுயோகம், விரதம் சரணாநுயோகம். ஒன்றின் கணக்கில் திருத்தம் நேர்ந்தால் மற்றதன் அறம் குறையாது. லோகத்தின் பரப்பைச் சிந்திக்கும் லோகாநுப்ரேட்சையும் நம்மைச் சிறியவர்களாக உணர்த்தவே வகுக்கப்பட்டது. அவ்வுணர்வு கோடிக்கணக்கான விண்மீன் மண்டலங்களின் முன்னே கூடுமேயன்றிக் குறையாது.

மாறாக, அவ்விரதத்தைச் சரிவரக் காக்க நல்ல வானியல் வேண்டும். சூரியாஸ்தமனம் நம் பகுதியில் நவம்பர் பிற்பகுதியில் மாலை 5.40 அளவில், ஜூலையில் 6.40 அளவில். ஒரு மணி நேர வேறுபாடு. மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21ஐ ஒட்டி வந்தாலும், மிக விரைவில் பொழுது சாய்வது நவம்பரிலேயே. பூமியின் அச்சுச் சாய்வும் அதன் நீள்வட்டப் பாதையுமே இதற்குக் காரணம். மண்ணூர் சென்னைக்கு மேற்கே இருப்பதால் நமக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் பின்னர் அஸ்தமனம். அப்பெண்ணுக்கு ஆண்டு முழுவதற்கும் அஸ்தமன நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எந்த மாதங்களில் தேநீர் இடைவேளையிலேயே உண்டுவிடலாம், எந்த மாதங்களில் வேலைக்குச் செல்லுமுன்பே உண்ண வேண்டும் என்று அவள் குறித்துக் கொண்டாள். கேட்ட கேள்விக்கு முழு விடை கிடைத்தது என்று அவள் சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றாள். அடுத்த ஞாயிறும் வந்தாள்.

ஆகவே எங்கள் சுவாத்தியாயத்தில் ஓர் ஏற்பாடு செய்துள்ளோம். பிற ஊர் ஜிநாலயங்களிலும் செய்யலாம். ஏறத்தாழ 13 பாகை அட்சரேகையில் உள்ள சென்னை, காஞ்சிபுரம், மண்ணூர்ப் பகுதிகளில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சிக்கு வரும். ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 ஆகிய நாள்களை ஒட்டி. திண்டிவனம், வந்தவாசிப் பக்கத்தார்க்கு இந்நாள் ஓரிரு நாள் மாறும். ஏப்ரலில் முந்தியும் ஆகஸ்டில் பிந்தியும் வரும். அன்று ஆலய வெளிமுற்றத்தில் ஒரு முழ நீளக் கோலைச் சமதரையில் நட்டு, தூக்குக்குண்டு கட்டி அது செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள். பகல் 12 மணிக்கே குழந்தைகளைக் கூட்டி, நிமிடத்திற்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சுண்ணாம்புக் கட்டியால் குறிக்கச் செய்யுங்கள். 12.08க்கும் 12.15க்கும் இடையே நிழல் கோலின் அடியில் ஒடுங்கிவிடும். மேகம் மூடினால் மறுநாள் பார்க்கலாம். ஓரிரு நாளில் நிழலின் வேறுபாடு மிகச் சிறிது. குழந்தைகளுக்குத் தொப்பியும் குடிக்க நீரும் மறவாமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.